முப்பாட்டன் கல்

படகைக் கரையில் கட்டிவிட்டு, அந்தப் பழைய ஊரின் கோட்டையைப் பார்க்கப் போனார்கள் மருதவாணரும் மனைவி குமுதவல்லியும். மதிலோரம் ஒரு கல்லில், தன் தலையைத் தானே அரிந்துகொள்ளும் வீரன். "எங்க முப்பாட்டன்தான்" என்று காவலாளியிடம் அளந்துவிட்டார் மருதவாணர். போகிற ஊரிலெல்லாம் அவருக்கு ஒரு முப்பாட்டன் உண்டு. காவலாளி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். ஊரே கூடிவிட்டது. பரிவட்டம் கட்டினார்கள், மாலை போட்டார்கள்.

"ஏங்க, சும்மா சொன்னேன்னு சொல்லிடுங்க" என்று அவர் கையைக் கிள்ளினாள் குமுதவல்லி.

"மரியாதை பண்றாங்கடி, கெடுக்காதே."

பூசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "மூணு தலைமுறையாத் தலை குடுக்க உங்க வம்சத்துல ஆள் வரல சாமி. இப்ப நீங்களா வந்துட்டீங்க."

அவள் திரும்பி ஆற்றைப் பார்த்தாள். படகை யாரோ அவிழ்த்துவிட்டிருந்தார்கள். மருதவாணர் அடுத்த மாலைக்காகக் கழுத்தை நீட்டிக் குனிந்துகொண்டிருந்தார்.