ராயிசா வீட்டுச் சூடு

முப்பதாயிரம் பேர் வாழ்ந்த நிலக்கரி ஊரில் இப்போது ஒன்பது வீடுகளில்தான் ஆள் இருந்தது. மாமியார் ராயிசாவை நகரத்துக்கு அழைத்துப்போக வந்திருந்தான் க்ளெப்.

"சுரங்கத்தையே மூடிட்டாங்க. இன்னும் இங்க என்ன அத்தை இருக்கு?"

"சூடு இருக்கு மாப்பிள்ளை. வெளியில மைனஸ் நாப்பது, நான் வெறுங்காலோட நிக்கிறேன். உங்க வீட்டுல கம்பளி சாக்ஸ் போட்டும் நடுங்கினேன். இங்க வாசல்ல பனிகூட தங்குறதில்ல."

க்ளெப் தரையைத் தொட்டான். கை சுட்டது. வெந்நீரை எப்போது நிறுத்துவார்கள் என்று தெரிந்தால் அவளைக் கிளப்பிவிடலாம் என்று, குழாய் வழியே வெந்நீர் அனுப்பி ஊர் வீடுகளையெல்லாம் சூடாக்கும் கொதிகலன் நிலையத்துக்குப் போனான். பழைய சுரங்கத் தொழிலாளி திமோஃபெய் அங்கே காவலுக்கு இருந்தார்.

"மேட்டுத் தெருவுக்கு எப்பங்க வெந்நீரை நிறுத்துவீங்க?"

"அக்டோபர்லயே நிறுத்தியாச்சே. அங்க இன்னுமா ஆள் இருக்காங்க?"

"எங்க அத்தை இருக்காங்க. தரையெல்லாம் கொதிக்குது."

திமோஃபெய் மெல்ல எழுந்தார்.

"அந்தத் தெருவுக்கு அடியிலதான் தம்பி மூணாம் சுரங்கம் போகுது. பாதி நிலக்கரிய அப்படியே விட்டுட்டுத்தான் மூடினோம். அது எரியுது. ஓடுங்க."