நாற்பத்தோராம் முடிவு

"நாப்பத்தொண்ணு யாரு? பேரச் சொல்லுங்க, டாக்டர்," என்றாள் லோஷினி.

தெப்ரா என்ற ஊரிலிருந்த அந்தப் புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில், எண்ணுக்குப் பின்னால் இருக்கும் பெயரை யாரும் கேட்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் என்று மூன்று நாட்டு ஆய்வுக்கூடங்களுக்கும் தலா நாற்பது ரத்த மாதிரிக் குழாய்களை அவளேதான் எண்ணி அனுப்பினாள். மூன்றிலிருந்தும் தலா நாற்பத்தொரு முடிவுகள் வந்திருந்தன. நாற்பத்தோராவது முடிவு ஒரு பெண்ணுடையது: வயது இருபத்தாறு, மார்பில் புற்று. ரத்தம் எடுத்த தேதி, வருகிற வெள்ளி.

"கம்ப்யூட்டர் கோளாறு லா," என்றார் டாக்டர் தேனப்பன்.

"மூணு நாட்டுக்கும் ஒரே கோளாறா? ரப்பர் தோட்டத்துப் புள்ள, டிகிரி வாங்கியும் எண்ணத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "வெள்ளிக்கிழம லீவு மட்டும் எடுத்துடாதம்மா. உன் முறை."

நோயாளிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத ஊழியர்களும் முறைவைத்து ரத்தம் கொடுப்பது அங்கே வழக்கம். அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, லோஷினிக்கு இருபத்தாறு வயது பிறக்கிறது.

அவள் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இன்னிக்கே டெஸ்ட் பண்ணிப் பாத்துக்கறேன். வேற எடத்துல."

அவர் தடுக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்து, நாற்பத்தொன்றுக்கு எதிரே நேரத்தைக் குறித்துக்கொண்டார். அரசாங்க மருத்துவமனைக்கு டாக்சி பிடிக்க அவள் வெளியே நடந்தாள்.