கரைவலை இழுப்பவர்கள்

படத்தில் ஏழு பேர். நிவேதிகா கமராவைப் பிடித்துக்கொண்டதால் வகுப்பில் மிஞ்சியது ஆறு பேர்.

"மிஸ், நீங்களும் வந்து நில்லுங்கோ. ஓராள் குறையுது."

பெற்றிசியா சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். கல்லூரி நூலகமும் அதை ஒட்டிய இந்தச் சின்ன அருங்காட்சியகமும் அவளுடைய பொறுப்பு. வழக்கமாகச் சங்கையும் பழைய நாணயங்களையும் பார்த்துவிட்டு ஓடுகிற பிள்ளைகளுக்கு இன்றைக்குச் சித்திர ஆசிரியர் ஒரு வேலை கொடுத்துவிட்டுப் பக்கத்து வகுப்புக்குப் போயிருந்தார். படத்தில் நிற்கிறவர்களைப் போலவே நின்று போட்டோ எடுக்கவேண்டும். எது பொருந்தவில்லை என்று பிறகு கொப்பியில் எழுதவேண்டும்.

சுவர் நிறைந்த படம். கடலைப் பார்த்து நின்று ஆறு பேர் கரைவலைக் கயிற்றை இழுக்கிறார்கள். கடைசியில், இடுப்பில் கூடையோடு ஒரு பெண். ஒருவருடைய முகமும் தெரியாது.

கூடைக்காரியின் இடம்தான் காலி. அதற்கு முன்னால் நின்றவன் றிபாத். புத்தளத்திலிருந்து தாய் தகப்பனோடு திரும்பி வந்து இரண்டு வருஷமான பிள்ளை.

பெற்றிசியா கடதாசிக் கூடையைக் கொட்டிவிட்டு இடுப்பில் வைத்தாள். இடக்கால் பின்னுக்கு, வலக்கால் கொஞ்சம் மடங்கி. அவள் படத்தைப் பார்க்கவில்லை.

பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. எண்பத்தொன்பதில் இரண்டு மாதம், புதன் தவறாமல், பள்ளி விட்டதும் அவள் இப்படித்தான் நின்றாள்.

இந்தப் படத்தை வரைந்த சந்தியோகு மாஸ்டர் உயர்தர வகுப்பில் ஏழு பேரைப் பிடித்து, மைதானத்து வேம்பில் கயிற்றைக் கட்டி, இழுங்கோ என்றார். வேம்பு வருமா? இவர்களுக்குத்தான் தோள்மூட்டு கழன்றது. சிரிப்பு வந்து கயிறு தளர்ந்தால் மாஸ்டர் தூரிகையைத் தூக்கி எறிவார்.

மூன்றாம் புதன், எங்கிருந்தோ வந்த கழுதை ஒன்று அவளை இடித்துக்கொண்டு போனது. விழப்போனவள் முன்னால் நின்ற ஹலீமின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பிடியே நில், பிள்ளை! கையை எடுக்காதை!" என்று கத்தினார் மாஸ்டர்.

எடுக்கவில்லை. அதன்பிறகு வந்த ஐந்து புதன்கிழமைகளும் எடுக்கவில்லை. ஹலீம் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அவனுடைய மூச்சு ஏறி இறங்குவது மட்டும் அவளுடைய உள்ளங்கைக்குத் தெரியும். வெயிலில் காய்ந்த சட்டையின் சவர்க்கார மணம் தெரியும்.

அடுத்த வருஷம் ஐப்பசியில், துவக்கை நீட்டிக்கொண்டு வந்தவர்கள் போகச் சொல்ல, ஊரிலிருந்த முஸ்லிம் சனம் முழுவதும் புத்தளம் பக்கம் போக வள்ளம் ஏறியது. ஹலீமின் வீட்டாரும்தான். பெற்றிசியா கரைக்குப் போகவில்லை. என்ன உறவென்று சொல்லிக்கொண்டு போவது?

பிறகு சண்டை. ஓட்டம். திரும்பி வருதல். ஆய்வுகூட அலுமாரிக்குப் பின்னால் சாக்குச் சுற்றிக் கிடந்த படத்தைத் தூசி தட்டி மாட்டியதும் அவள்தான். அந்த ஏழு பேரில் இன்றைக்கு மன்னாரில் இருப்பவள் அவள் ஒருத்திதான். பிள்ளைகளிடம் அவள் அதைச் சொன்னதில்லை.

"ஒருத்தரும் அசையாதேங்கோ!"

கமரா பளிச்சென்றது. நிவேதிகா அதையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மிஸ், பிழைச்சுப் போச்சு. உங்கட கை றிபாத்தின்ர தோளில இருக்கு. படத்தில அது சும்மா தொங்குது. திரும்ப எடுப்பம்."

பெற்றிசியா அப்போதுதான் தன் கையைப் பார்த்தாள். பார்த்த பிறகும் அதை எடுக்க மனம் வரவில்லை.

"படத்திலதான் பிழை, பிள்ளை."

நிவேதிகாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்றாலும் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

எண்பத்தொன்பதில், படத்தை வைக்கவிருந்த கல்லூரி விழாவுக்கு முதல்நாள், அப்பா வந்து பார்த்துவிடுவார் என்று பயந்து, அந்தக் கையைக் கீழே இறக்கிவிடச் சொல்லி மாஸ்டரிடம் அழுதவள் பெற்றிசியாதான். மாஸ்டர் ஏனென்று கேட்கவில்லை. அன்றைக்கே மேலே நிறம் பூசி மாற்றிவிட்டார்.

விழாவன்று ஹலீம் அந்தப் படத்துக்கு முன்னால் கனநேரம் நின்றான். தன் வலது தோளை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான்.