சுருட்டுச் சாமியின் பொறுப்பாளி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. குவாத்தமாலா மலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மனசைக் கொஞ்சம் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள்.

பசிலியோ ஆஸ்பத்திரி ஜீப்பில் ஏறுவதற்கு முன்பே ஊர் அவனுக்காக அழுது முடித்துவிட்டது. அவனுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து தாள் வந்து மூன்று நாளாகிறது.

ஊர்ச் சுருட்டுச் சாமிக்கு அவன்தான் பொறுப்பாளி. மரச்சாமியின் வாயில் சுருட்டைப் பற்றவைத்து, மிச்சத்தைப் பொறுப்பாளி இழுத்துத் தீர்ப்பது முறை. முப்பது வருஷமாக இழுத்தவன். அதனால்தான் சளி எடுக்க வந்த நர்ஸ் எல்விரா, புகைக்கிறவர்கள் பட்டியலில் அவன் பேரை முதலில் எழுதி, சளி துப்பித் தர டப்பா கொடுத்தாள். பெண்கள் யாருக்கும் டப்பா இல்லை.

"இருமல்கூட இல்லாம சாகப்போற மொத ஆளு நீதான்யா," என்றான் கூட்டாளி கத்தரீனோ. "தொப்பிய எனக்குக் குடுத்துட்டுப் போ."

"எடுத்துக்கடா. சாமியையும் நீயே பாத்துக்க."

புகை மண்டிய அடுப்படியிலிருந்து அவன் மனைவி பெத்ரோனா சோளரொட்டி மூட்டையோடு வந்தாள். இருமல் அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பசிலியோ அவள் கையைப் பிடித்தான். அவளை அடிக்க ஓங்கி மட்டுமே பழகிய கை அவனுடையது.

"கண்ணு, நான் போயிட்டா நீ என்னம்மா பண்ணுவ? உன்ன ஒருநாளும் நல்லா வச்சுக்கலியே!"

"ஏறுங்கய்யா," என்று அவசரப்படுத்தினாள் எல்விரா. "ஒரே ஒரு படுக்கைதான் கெடச்சிருக்கு."

ஜீப் உறுமியது. பெத்ரோனா அதன் முன்னால் போய் நின்றாள்.

"அவர இறக்கிவிடுங்க. டப்பா குடுத்த அன்னைக்குத் திருவிழாப் போதையில இவரு எந்திரிக்கவே இல்ல. காலி டப்பா போனா இவருக்கு மானக்கேடுன்னு நான்தான் துப்பிக் குடுத்தேன்."

எல்விரா பட்டியலை எடுத்துப் பார்த்தாள். "நீங்க சுருட்டு பிடிப்பீங்களா?"

"தொட்டதுகூட இல்லம்மா. ஏழு வயசுலேர்ந்து அடுப்புதான் ஊதறேன்." பிறகு அவள் புருஷனைப் பார்த்தாள். "மூணு நாளா என்னக் கண்ணுன்னு கூப்பிட்டீங்க. கேக்க ஆசையா இருந்துச்சு. அதான் சொல்லல."

பசிலியோ குதித்து இறங்கினான். கத்தரீனோவின் தலையிலிருந்த தொப்பியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். அப்புறம்தான் பெத்ரோனா பக்கம் திரும்பினான்.

"இன்னும் என்னடி நிக்கிற? அடுப்பு அணையப் போவுது, போ."

உங்கள் வீட்டுப் புகை கூரை தாண்டி வானத்துக்கே போகட்டும், கண்ணுகளா. அடுப்பு ஊதுகிறவள் நூறாண்டு இருக்கட்டும்.