சாரிதாஸ் உச்சியிலிருந்து

பதினெட்டாவது தடவையும் பதில் இல்லை.

"சாரிதாஸ் உச்சியிலேருந்து மிர்சாபெக். யாராச்சும் கேக்குறீங்களா?" என்று மறுபடி சொல்லிவிட்டு, பல் டாக்டர் மிர்சாபெக் அந்தக் கை ரேடியோவைக் காதோடு அணைத்துக்கொண்டார். காற்றுதான் இரைந்தது. மூன்று மணி நேரம் மலையேறி வந்த முழங்கால் வலி வேறு உயிரை வாங்கியது.

"பதில் வராதுன்னு காட்டத்தானே வந்தீங்க? அப்புறம் எதுக்கு மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் மனைவி ரௌஷான், பிளாஸ்கிலிருந்து பால் டீயை ஊற்றியபடி.

அதுவும் உண்மைதான். வேன் ஓட்டுகிற ஒராஸ்பாய், போன ஞாயிற்றுக்கிழமை இதே உச்சியிலிருந்து, இதே மாதிரி ஒன்பதாயிரம் டெங்கே விலையுள்ள மலிவு ரேடியோவில், எழுபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரோடு பேசியதாகச் சொல்கிறான். ஊர் ரேடியோ சங்கத்தில் அவன் குரல் கேட்டதென்னவோ நிஜம். ஆனால் பேசியது மலையிலிருந்தா, சந்தைக்குப் பின்னால் வேனுக்குள் உட்கார்ந்துகொண்டா என்பதுதான் மிர்சாபெக்கின் கேள்வி.

கை ரேடியோவில் அதிகத் தூரம் பேசியவருக்குச் சங்கம் கொடுக்கும் கோப்பை ஐந்து வருடமாக அவருடைய கிளினிக் அலமாரியில்தான் இருக்கிறது. அது ஒராஸ்பாய்க்குப் போகுமா என்று இன்று மாலை கூடி முடிவு செய்யப் போகிறார்கள். நானே அதே மாதிரிப் பெட்டியோடு ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சங்கத்தில் எல்லார் முன்னாலும் சவால் விட்டு வந்திருந்தார்.

"ஏங்க, பட்டனை அமுக்கினா சிவப்பு விளக்கு எரியுதே. அப்ப குரல் போகுதுன்னுதானே அர்த்தம்?"

"விளக்கு எரியும். விளக்கு எரியிறதுக்குன்னே இதைச் செஞ்சு விக்கிறான்."

"எண்ணெல்லாம் சரியாப் போட்டீங்களா?"

"இருபது வருஷமா ரேடியோ பிடிக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

ஊர்க் கோபுரத்தில் சங்கத்தின் ரிப்பீட்டர் ஒன்று இருக்கிறது. தொலைவிலிருந்து வரும் குரலை வாங்கி ஊர் முழுக்க உரக்கச் சொல்லும். குரலோடு ஒரு குறியீட்டு எண்ணும் சேர்ந்து வந்தால்தான் அது திறக்கும். அவருடைய விலை உயர்ந்த செட்டில் அந்த எண்ணை ஒரே இடத்தில் போட்டால் வேலை முடிந்தது. இந்தப் பெட்டியின் திரையிலோ மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு வரி இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலுமே போட்டு வைத்திருந்தார்.

இன்னும் ஏழு தடவை கூப்பிட்டார். பதில் வரக்கூடாது என்றுதான் வந்தார். ஆனாலும் வராமல் போகப் போக எரிச்சல் மண்டைக்கேறியது. கேட்க ஆளில்லை என்று தெரிந்த பிறகு பயம் எதற்கு? பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு மனதிலிருந்ததை எல்லாம் கொட்டினார்.

"குல்யாஷ் அக்கா, செயலாளர்னு பேரு, தூக்கம்தானே உங்களுக்கு வேலை? டேய் ஒராஸ்பாய், நீ ஓட்டுறது வேன் இல்லடா, புளுகு மூட்டை. என் கோப்பையைத் தொட்ட, உன் பல்லு முப்பத்திரண்டையும் நானே பிடுங்குவேன்."

"போதும், வாங்க. இதுக்கு மேல பேசினா ஆடு மாடெல்லாம் மிரண்டு ஓடிரும்" என்றாள் ரௌஷான். உச்சியிலுள்ள கல் தூணருகே அவரை நிற்க வைத்து, நான்கு படம் எடுத்துக்கொண்டாள். தான் மலைக்கே போகவில்லை என்று நாளைக்கு ஒருத்தனும் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் உத்தரவு.

மாலையில் சங்க அறைக்குள் நுழைந்தபோது பன்னிரண்டு பேர் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள். அவரைப் பார்த்ததும் இரண்டு பேர் இருமினார்கள்; மற்றவர்கள் டீக் கோப்பைக்குள் குனிந்துகொண்டார்கள். தோற்றுப்போன ஒராஸ்பாய்க்காகச் சங்கடப்படுகிறார்கள் என்று மிர்சாபெக் நினைத்துக்கொண்டார்.

போனில் இருந்த படங்களை மேசைமேல் வைத்தார்.

"நல்லாப் பாருங்க. சாரிதாஸ் உச்சி. ரௌஷான் சாட்சி. இருபத்தாறு தடவை கூப்பிட்டேன், ஒரு ஈ காக்கா பதில் சொல்லலை. இந்தப் பெட்டியால முடியாது. இனி தம்பி என்ன சொல்லப் போறாரு?"

ஒராஸ்பாய் எழுந்து வந்து அந்த ரேடியோவைக் கையில் வாங்கினான். நாலைந்து தடவை பட்டனைத் தட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"டாக்டரண்ணே, கீழ் வரியில எண்ணே போடக் கூடாது. போட்டா, அதே எண்ணோட வர்ற குரலைத்தான் இது காதுல வாங்கும். நம்ம ரிப்பீட்டர் எண்ணெல்லாம் சேர்த்து அனுப்பாது."

"எனக்குக் கேக்காதது கிடக்கட்டும்டா. என் குரல் இங்க வந்து சேர்ந்துச்சா? அதைச் சொல்லு."

ஒராஸ்பாய் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். செயலாளர் குல்யாஷ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். அன்றைய பதிவு நோட்டைத் திறந்து, ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்ததை டாக்டர் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"அந்த உச்சியிலேருந்து எங்களுக்குக் கேட்ட ரெண்டாவது குரல், உங்களோடதுதான் டாக்டர்."