மதியத்துக்கு ஒன்று

கம்ப்ரெசர் இரைச்சலையும் மீறி மேஜை அதிர்ந்தது.

கோகிலவாணி கையிலிருந்த வெர்னியர் அளவுகோலை வைத்துவிட்டு போனைப் பார்த்தாள். திரையில் ‘ஸ்கூல்’.

“சின்மயி அம்மாவா? கொஞ்சம் உடனே வாங்க.”

அவ்வளவுதான். வைத்துவிட்டார்கள்.

சூப்பர்வைசர் கேட் பாஸ் புத்தகத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவருக்கும் பழகிவிட்டது.

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையிலிருந்து குரோம்பேட்டைக்கு ஸ்கூட்டியில் அரை மணி நேரம். லாரிக்குப் பின்னால் புழுதியைத் தின்றுகொண்டே யோசித்தாள். போன மாதம் சின்மயி ஒருத்தியின் கையைக் கடித்தாள். திங்கட்கிழமை தண்ணீர் பாட்டிலைக் கரும்பலகைமேல் வீசினாள். இன்றைக்கு யாரை? எங்கே ரத்தம்?

நாலாம் வகுப்பு முடிவதற்குள் இது மூன்றாவது பள்ளி. இங்கேயும் டி.சி.யைக் கையில் கொடுத்துவிட்டால் தாம்பரம் வட்டாரத்தில் அவள் ஏறி இறங்க வேறு படி இல்லை.

அதனால்தான் அட்மிஷன் படிவத்தில், ‘குழந்தை ஏதேனும் மருந்து எடுத்துக்கொள்கிறதா?’ என்ற கேள்விக்கு எதிரே ‘இல்லை’ என்று எழுதினாள். கொஞ்சமும் தயங்காமல்.

கேட்டில் வாட்ச்மேன் லோகநாதன் ரெஜிஸ்டரை நகர்த்தினார்.

“இன்னாம்மா, இந்த வாரத்துல இது ரெண்டாவது தபா. பேசாம இங்கியே ஒரு வேல பாத்துக்கினு இருந்துடேன்!”

சிரித்து வைத்தாள். இந்தப் பள்ளியில் எல்லாரிடமும் சிரித்து வைக்க வேண்டியிருந்தது.

பிரின்சிபால் அருள்மேரி மேடத்தின் அறையில் ஒரு பெஞ்சு. அதில் ஒரு சிறுமி கண் செருகிப் படுத்திருந்தாள். டெபோரா. வகுப்பில் சின்மயிக்குப் பக்கத்தில் உட்காருகிறவள். உட்கார ஒப்புக்கொண்ட ஒரே பிள்ளை.

அவள் கையைக் கெட்டியாகப் பிடித்தபடி சின்மயி நின்றிருந்தாள். ஒரு கால் மட்டும் ஓயாமல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

“பதறாதீங்க. உங்க பொண்ணு ஒண்ணும் பண்ணல,” என்றார் மேடம். “டெபோராதான் தலை சுத்தி விழுந்துட்டா. சரியாச் சாப்பிடல போல, வெயில் வேற. குளுகோஸ் குடுத்தோம். அவ அப்பா ஆட்டோ எடுத்துட்டு வர்றார், வீட்டுல போய்த் தூங்கினா சரியாயிடும். இவ என்னடான்னா கையை விடமாட்டேங்கிறா. பிரிச்சா கத்துறா. அதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

உங்க பொண்ணு ஒண்ணும் பண்ணல.

இரண்டு வருடத்தில் எந்தப் பள்ளியிலும் யாரும் சொல்லாத வாக்கியம். கோகிலவாணிக்கு அழுகையே வந்துவிட்டது.

குனிந்து மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். சின்மயி அவள் காதில் வாயை வைத்தாள்.

“என்னோட மாத்திரையை இன்னிக்கு டெப்பிக்குக் குடுத்துட்டேம்மா. டெஸ்ட்ல எல்லாம் மறந்துபோயிடுதுன்னு அழுதா.”

ஞாபக சக்தி மாத்திரை. வீட்டில் அதற்கு அப்படித்தான் பேர். மாமியாருக்கும், அபார்ட்மென்ட்டுக்கும், மகளுக்கும் சேர்த்துக் கோகிலவாணி வைத்த பேர். ‘எங்க பையனுக்கும் ஒரு அட்டை வாங்கித் தாங்களேன்’ என்று எதிர் வீட்டு ஹேமாவதி கேட்கிற அளவுக்கு அது நிலைத்துவிட்டது.

பழைய மாத்திரையில் சோறு இறங்கவில்லை என்று போன வாரம்தான் டாக்டர் மாற்றி எழுதினார். ‘ஆரம்பத்துல தூக்கமா இருக்கும், பயப்படாதீங்க’ என்றார். காலையில் ஒன்று, மதியத்துக்கு ஒன்று. மதியத்து மாத்திரையைக் காகிதத்தில் மடித்து ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்து, ‘மிஸ்ஸுக்குத் தெரியாம போட்டுக்கோ’ என்று தினமும் சொல்லி அனுப்பியது அவள்தான்.

டெபோரா உடம்பு சின்மயியில் பாதி இருக்கும்.

இந்த அறையில் யாருக்கும் தெரியாது. மகளைக் கூட்டிக்கொண்டு நாலு எட்டு வைத்தால் வாசல். வருகிற திங்கட்கிழமையும் இதே பள்ளி, இதே பெஞ்சு. டெபோராவை வீட்டில் படுக்கப் போடுவார்கள். நல்லாத் தூங்கட்டும், எழுப்பாதே என்பார்கள்.

வெளியே ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

“கிளம்புங்க நீங்க,” என்றார் மேடம்.

டெபோராவின் தலை ஒரு பக்கமாகத் தொங்கியது. அடுத்த மூச்சுக்காகக் கோகிலவாணி காத்திருந்தாள். அது வர ரொம்ப நேரம் ஆனது.

கைப்பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

“வீட்டுக்கு வேண்டாம் மேடம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்க. இதுல ஒண்ணு டெபோரா முழுங்கியிருக்கா. சின்மயிக்கு டாக்டர் எழுதினது. கோவத்துக்கு, ஒரு இடத்துல உட்கார்றதுக்கு. ஞாபக மாத்திரைன்னு நான் சொன்ன பொய்யை நம்பிக் குடுத்துட்டா.”

மேடம் அட்டையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அட்டையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

சின்மயியின் கால் தட்டுவதை நிறுத்தியது. அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள்.

“அப்ப எனக்கு ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்காம்மா?”