கம்ப்யூட்டரில்தான் கோளாறு

புயல் ஓய்ந்த மறுநாள், மீன்பிடித் துறைமுகத்தின் தகவல் அறையில் செலஸ்டினா கம்ப்யூட்டரை வெளியுலகோடு இணைக்க ஒரு வழி தேடிக்கொண்டிருந்தாள். கேபிள் அறுந்து கிடந்தது. செல்போன் கோபுரமும் சாய்ந்துவிட்டது. நெட்வொர்க் அமைப்பில் அவை இரண்டையும் அணைத்துவிட்டு, இதுவரை யாரும் தொடாத சாட்டிலைட் இணைப்பை முதலாவதாக வைத்தாள். கடலுக்குப் போன படகுகளோடு பேச இனி அது ஒன்றுதான் வழி.

வாசலில் அருள்சீலி நின்றாள். அவள் புருஷன் பிரிட்டோவின் படகும் கரை திரும்பவில்லை.

"லைன் கெடச்சிச்சாக்கா?"

"பொறு சீலி, பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

சொல்லி வாய் மூடுமுன் இணைப்பு வந்துவிட்டது. படகுகளின் பதில்கள் ஒவ்வொன்றாகத் திரையில் எழுத்தாக வந்தன. எல்லாம் பக்கத்துத் துறைமுகத்தில் ஒதுங்கியிருந்தன. பிரிட்டோவின் படகுக்கு மட்டும் செலஸ்டினா திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பினாள். பதிலே இல்லை. மற்றவர்களிடம் கேட்டாள். புயலுக்குப் பிறகு அவனை யாருமே பார்க்கவில்லை.

"என்னக்கா ஆச்சு?" சீலி உள்ளே வந்துவிட்டாள்.

செலஸ்டினாவின் கை தானாகப் போய் அந்த இணைப்பை அணைத்தது. "கெடைக்கல சீலி. கம்ப்யூட்டர்லதான் கோளாறு."

சீலி பெருமூச்சு விட்டு, பெஞ்சில் உட்கார்ந்து, கலைந்த தலையை அள்ளி முடிந்தாள்.

"கம்ப்யூட்டர்தானேக்கா? நான்கூட பயந்துட்டேன். நீங்க மெதுவா பாருங்க, நான் இங்கயே இருக்கேன்."